அந்த வீட்டில் எத்தனை தூண்?



கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே தெரியும்!

போன மாதம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நம் செராமிக் தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறான். குழந்தைக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம். "உங்கள் ஊரின் மிகப் பழைய வீடு எது? அதன் வரலாற்றை எழுதுக." வரும் வழியெல்லாம் "எங்க டீச்சருக்குத் தெரியாதது எதுவும் இல்ல" என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். குழந்தை நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

கோயிலைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். நம் ஊர்ப் பெயரே பழமைதான். விருத்தாசலம் என்றாலும், திருமுதுகுன்றம் என்றாலும், பழமலை என்றாலும் பொருள் ஒன்றே. பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கினார் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆயிரம் வருஷத்துக் கோயிலின் கதை தெரிகிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நூறு வருஷத்து வீடு எது என்று கேட்டால் தெரியவில்லை. காரணம் எளிது. கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டிய ஆணிதான் இருக்கிறது.

"நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் இன்னொன்று. அதைச் சொன்னால்தான் இந்தப் பதிவு எதற்கு என்று உங்களுக்குப் புரியும்.

நாங்கள் பிறந்த வீட்டை உறவுகளில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தொட்டிக்கட்டு வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. நடை தாண்டினால் நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண்கள். மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிப்போம். தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்து ஒரு வீடு இரண்டானது. ஒரு பாதி அப்பாவுக்கு, மறுபாதி பெரியப்பாவுக்கு.

அப்பாவின் பாதியை விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. கூரை ஒழுகியது. ஒருவர் ஓடு மாற்றினால் மற்றவர் "என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்" என்றார்கள். ஒரு வீட்டில் கல்லூரிக் கட்டணம், ஒரு வீட்டில் கல்யாணம். விற்றது தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். வாங்கியவர் இடித்தார். தூண்களையும் வாசக்காலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்று பள்ளியில் இருந்தேன்.

அந்தக் குழந்தை வந்துபோன இரவு, அண்ணனுக்கும் தங்கைக்கும் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நம்ம வீட்டு முற்றத்தைச் சுற்றி எத்தனை தூண்?" அண்ணன் பன்னிரண்டு என்றார். தங்கை பத்து என்றாள். நான் எட்டு என்றே நினைத்திருந்தேன். அந்தத் தூண்களைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள் மூவரும். நம்மிடம் இருக்கும் போட்டோக்களை எல்லாம் தேடினோம். கல்யாணப் போட்டோ, காதுகுத்துப் போட்டோ எல்லாவற்றிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். வீடு மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டாகத் தெரிகிறது. ஒரு தூணில் மாலை கட்டியிருக்கிறது, அடுத்த தூணைப் பெரியம்மா மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

வீடு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதில் எத்தனை தூண் என்று சொல்லத் தெரியாமல் போனதைத் தாங்க முடியவில்லை.

இந்த யோசனையிலேயே இருந்தபோது ஒரு வேலையாகப் புதுச்சேரி போக வேண்டியிருந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப்பிள்ளை வீடு இருக்கிறது. உள்ளே போகவில்லை, தெருவில் நின்று பார்த்தேன். 1738-ல் கட்டியது. புதுச்சேரியில் இன்று நிற்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. கீழ்த்தளம் நம் ஊர்ப் பாணி, முற்றமும் மரத்தூண்களும். மாடி பிரெஞ்சுப் பாணி, காரைத் தூண்கள். ஒரே வீட்டில் இரண்டு நாட்டுக் கட்டடக் கலை.

ரங்கப்பிள்ளை 1709-ல் பிறந்தவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761-ல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார்கள், ஊரில் என்ன வதந்தி என்று இருபத்தைந்து வருஷத்துச் செய்திகள். அவர் இறந்த சில நாட்களில், 1761 ஜனவரி 16-ல், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். அந்த அழிவைத் தாண்டி நின்ற வீடு இது. நாட்குறிப்பு ஏறக்குறைய நூறு வருஷம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து 1846-ல் கிடைத்தது. பிறகு 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகப் போட்டது. நம் காலத்தில் பிரபஞ்சன் அதிலிருந்து "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதமி விருது.

தெருவில் நின்றபோது எனக்குப் பட்டது இதுதான். அந்த வீதியில் அதே காலத்தில் இன்னும் எத்தனையோ பேர் வீடு கட்டியிருப்பார்கள். ஆனால் இந்த வீட்டுக்காரர் எழுதி வைத்தார். எழுத்து இருந்ததால் வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் இடிக்க வருகிறவன் ஒரு நிமிஷமாவது யோசிப்பான். நம் ஊர் வீடுகளுக்குப் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. அதனால் அவை பழைய வீடுகளாக இருப்பதில்லை, "நல்ல மனை"யாக மட்டுமே இருக்கின்றன.

"டீச்சர், அவர் பெரிய ஆள். நம்ம வீட்டுல யார் இருந்தா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பழுது பார்த்தது. 2003-ல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தத் தெருவில் அதுவும் ஒரு சின்ன ஓட்டு வீடுதான். 1900-ல் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த பையன் யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மைசூரில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீட்டை 2011-ல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதால் நின்றது. இன்று அது நினைவில்லம். பெயர் பெற்ற எழுத்தாளர் வீட்டுக்கே அந்தக் கதி என்றால் மற்ற வீடுகளுக்கு யார் சத்தம் போடுவார்கள்?

பெரிய மனிதர் வாழாத வீட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்குச் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து, இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு மட்டுமில்லை, நெசவாளர் வீடும் குயவர் வீடும் இருக்கின்றன. ஜனங்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள், வந்தவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாததை அந்த வீடுகள் சொல்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன் "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து கேட்டான். "டீச்சர், எங்க வீட்டுக்கு வருஷா வருஷம் கூரை மாத்துவோம். அப்போ எங்க வீடு பழசா, புதுசா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓடும் செங்கல்லும் தேக்கும் வாங்க முடிந்தவர்கள் வீடுதான் நூறு வருஷம் நிற்கும். மண் சுவரும் கீற்றுமாக வாழ்ந்தவர்களின் வீடு நிற்காது. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாரும் சூளையில் செங்கல் அறுத்தவரும் பெரும்பாலும் கூரை வீட்டில்தான் இருந்தார்கள். "ஊரின் மிகப் பழைய வீடு" என்று தேடப் போனால் வசதியானவர்களின் தெருவில்தான் போய் நிற்போம். அதனால் நான் சொல்கிற பதிவு வேலை அந்தத் தெருவோடு நிற்கக் கூடாது. அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், இதைப் படிப்பான். தம்பி, உன் வீடும் பழைய வீடுதான். உன் பாட்டி அந்த மனையில் எந்த வருஷம் குடியேறினார், கூரை எங்கிருந்து வந்தது, யார் வேய்ந்தார்கள் என்று எழுது. எனக்கு வேண்டும்.

சரி, வீடுகள் ஏன் போகின்றன? மூன்று காரணம் பார்க்கிறேன்.

முதல் காரணம், பங்கு. ஒரு வீட்டுக்கு ஏழு வாரிசு. ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். எல்லோருக்கும் சொந்தம், பழுது பார்க்க மட்டும் ஆளில்லை.

இரண்டாவது, தண்ணீர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஓடு பறக்காத வீடு இல்லை. உடைந்த ஓட்டுக்குப் பதில் ஓடு போடாமல் தார்ப்பாய் போட்டால், அடுத்த மழையில் உத்தரம் உளுத்துப்போகும். பெரிய கட்டடத்துக்கும் இதே கதிதான். 1870-களில் கட்டி முடித்த புதுச்சேரி மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிப் பணத்தில் பழையபடியே கட்டி 2021-ல் திறந்தார்கள். நேரத்துக்கு ஓட்டை அடைக்காததற்குக் கொடுத்த விலை அது.

மூன்றாவது, நல்லெண்ணத்தோடு செய்யும் தப்பு. சுண்ணாம்புக் காரைச் சுவர் உதிர்கிறது என்று அதன்மேல் சிமெண்ட் பூசுகிறோம். செராமிக்கில் வேலை செய்யும் என் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்புப் பூக்கும். நாலைந்து மழைக்காலத்தில் உள்ளே செங்கல் மாவாகிவிடும். பிறகு "பழைய வீடு, நிக்காது" என்போம். நிற்காதபடி செய்தது நாம்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கலாம். சட்டங்கள் இருக்கின்றன. 1958-ல் மத்திய அரசு போட்ட தொல்லியல் சட்டம் நூறு வருஷத்துக்குக் குறையாத சின்னங்களைப் பற்றிப் பேசுகிறது. 1966-ல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் போட்டது. 2012-ல் மரபுச் சின்னங்களுக்கு ஆணையம் அமைக்கவும் சட்டம் வந்தது. ஆனால் ஆள் குடியிருக்கும் தனியார் வீட்டுக்கு இவை எளிதில் வந்து சேர்வதில்லை. வந்தாலும் வீட்டுக்காரர் பயப்படுகிறார். "அறிவிச்சிட்டா ஒரு ஆணி அடிக்க முடியாது, விற்கவும் முடியாது" என்று ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிடுகிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஊருக்கு அழகு வேண்டும், செலவு மட்டும் அவர் செய்ய வேண்டும் என்றால் எந்த நியாயம்? புதுச்சேரியில் வைசியாள் வீதியைச் சீர்செய்தபோது செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்றது, மீதியை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். அந்த வீதிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சுமையைப் பகிர்ந்தால் வீட்டுக்காரரே காவல்காரர் ஆவார் என்பதுதான் அதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. அது எனக்கும் தெரியும். என் கருத்து இவ்வளவுதான்: வீட்டைக் காப்பாற்ற முடியாவிட்டால் அதன் கணக்கையாவது காப்பாற்றுங்கள். இடிக்கும்முன் எழுதுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. நம் கோயிலைக் கட்டிய அதே செம்பியன் மாதேவி செய்தது. அவர் பழைய கோயில்களை எடுத்துவிட்டுத்தான் கற்றளி கட்டினார். திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்றும் அங்கேயே குறித்திருக்கிறார்கள். அதனால்தான் போன கோயிலின் கதையும் இன்று நமக்குத் தெரிகிறது. இடித்ததும் அவர்தான், எழுதி வைத்ததும் அவர்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு அரசிக்குத் தோன்றியது, கையில் கேமரா போன் வைத்திருக்கும் நமக்குத் தோன்றவில்லையே.

இப்போது பெரியப்பா வீட்டுக்கு வருகிறேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாதி இன்னும் நிற்கிறது. தை மாதம் எல்லோரும் கூடிப் பேசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அண்ணா, தம்பிகளா, எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. விற்காதீர்கள் என்று சொல்ல வாயும் இல்லை, எங்கள் பாதியை விற்றவள்தானே நான். அது ஊரிலேயே பழைய வீடு என்றும் சொல்ல மாட்டேன், ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடும்முன் எனக்கு ஒரு மாதம் சாவி கொடுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் செய்யப்போவது இவ்வளவுதான். வீட்டின் நீள அகலம், தூண், கதவு, ஜன்னல் எல்லாம் டேப் வைத்து அளந்து வரைபடம் போடுவது. ஆட்கள் இல்லாமல் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுப்பது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றையும் நகல் எடுப்பது. பழைய பத்திரத்தின் சக்குபந்தியில் "கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை" என்று இருக்கும். ஒரு வீட்டுப் பத்திரத்தில் நாலு வீட்டின் வரலாறு கிடைக்கும். கடைசியாக, எண்பது தாண்டிய சித்தியையும் அத்தையையும் அந்தக் கூடத்தில் உட்கார வைத்துப் பேச விட்டு போனில் பதிவு செய்வது. இதில் கடைசி வேலைதான் முதலில் செய்ய வேண்டியது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகும் விற்பதென்றால் விற்றுக்கொள்ளுங்கள். நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

மாணவப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருவில் எது பழைய வீடு என்று நினைக்கிறீர்களோ அதைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு, எழுதுங்கள். "முந்நூறு வருஷம்" என்று வாய்க்கு வந்தபடி எழுதினால் மதிப்பெண் கிடையாது. பத்திரத்தில் இருக்கும் வருஷம், நிலைக்கதவில் செதுக்கிய வருஷம், பெரியவர் சொன்னது, இவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டும். எது ஆதாரம், எது கேள்விப்பட்டது என்று பிரித்துக் காட்ட வேண்டும். கூரை வீடாக இருந்து காரை வீடாக மாறிய மனைகளையும் சேர்க்க வேண்டும். விலாசத்தை இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைதான் அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தது. முதல் பக்கம் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு "தூண்கள்: தெரியவில்லை" என்று என் கையாலேயே எழுத வேண்டி வந்தது.

செராமிக் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவா வேண்டும்? பச்சைக் களிமண்ணில் செய்த ஜாடி உடைந்தால் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மறுபடி செய்யலாம். சூளையில் வெந்த ஜாடி உடைந்தால் உடைந்ததுதான். நம் ஊரின் பழைய வீடுகள் வெந்த ஜாடிகள். கை தவறுவதற்குள் ஒரு தடவை நன்றாகப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வோம்.

பெரியப்பா வீட்டின் பாதி முற்றம் நடுச்சுவர் வரைக்கும் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தூண்களை எண்ணினால் எங்கள் பக்கத்துக் கணக்கும் தெரிந்துவிடும். அண்ணா, சாவிக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்